கான்சுவேலோ வாண்டர்பில்ட் கல்யாணம்: கட்டாயமா, கணக்கா?

கணக்குப்பிள்ளை:
சமூகம் கொன்ற பணக்கார வீட்டுக் காதல் என்று பேச்சு வந்தாலே யாராவது கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை இழுத்து வந்துவிடுகிறார்கள். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வில்லியம் கே. வாண்டர்பில்ட்டின் ஒரே மகள். 1895 நவம்பர் 6 அன்று நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில், செயின்ட் தாமஸ் தேவாலயத்தில், இங்கிலாந்தின் ஒன்பதாவது மார்ல்பரோ டியூக்கோடு கல்யாணம் (டியூக் என்பது அங்கே பிரபுக்களின் உச்சப் பட்டம், அவர் மனைவி டச்சஸ்). பெண்ணுக்கு வயது 18, மாப்பிள்ளைக்கு 23. பெண்ணின் மனதில் இருந்தது விந்த்ராப் ரதர்ஃபோர்ட் என்ற வேறொருவர். அம்மா ஆல்வா மகளை வீட்டோடு அடைத்து வைத்தார், கடிதங்களை மறித்தார், "அவனைச் சுட்டுவிடுவேன்" என்று மிரட்டினார், கடைசியில் மாரடைப்பு நாடகமும் போட்டுச் சம்மதம் வாங்கினார் என்பது கதை.

எனக்கு இதில் பாதிதான் நம்பிக்கை. இந்தக் கதை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒன்று, 1926-இல் கத்தோலிக்கத் திருச்சபை அந்தக் கல்யாணத்தைச் செல்லாது என்று அறிவித்த வழக்கு. கட்டாயப்படுத்தினார்கள் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும், அதனால் காட்டினார்கள். இரண்டு, கான்சுவேலோவே 1953-இல் வெளியிட்ட சுயசரிதை. நடந்து 58 வருஷம் கழித்து, எழுபத்தைந்து தாண்டிய ஒரு பெண்மணி எழுதியது. இரண்டுமே பின்னால் வந்தவை. என்னைக் கேட்டால் அது இரு வீட்டாரும் விவரம் தெரிந்து செய்த வியாபாரம். காதலைப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள்.

நீலவேணி:
கணக்கு அண்ணா, உங்கள் பெயருக்கு ஏற்ற பதிவு.

1926 வழக்கில் முக்கியச் சாட்சி யார் என்று ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? ஆல்வாவேதான். என் மகள் மேல் எனக்கு எப்போதும் முழு அதிகாரம் இருந்தது, நான் அவளிடம் கெஞ்சவில்லை, டியூக்கைக் கட்டிக்கொள் என்று உத்தரவு போட்டேன் என்ற கருத்தில் வாக்குமூலம் கொடுத்தார். அவருடைய சகோதரியும் நெருங்கிய தோழியும் அதையே உறுதி செய்தார்கள். அந்த நேரத்தில் ஆல்வா யார்? அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்துக்குத் தன் சொத்தை அள்ளிக் கொடுத்தவர், நேஷனல் விமன்ஸ் பார்ட்டியின் தலைவர். பெண் விடுதலை பேசும் எழுபது வயதுக்காரி, "என் மகளை நான்தான் விற்றேன்" என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு என்ன லாபம்? செய்தி வெளியே வந்தபோது பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. மகளுக்காகப் பொய் சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பொய்யின் செலவு முழுக்க அவர் தலையில்தான் விழுந்தது.

கல்யாணத்தன்று காலை கான்சுவேலோவின் அறை வாசலில் ஒரு வேலைக்காரனைக் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அவள் தனியாக அழுதுகொண்டிருந்தாள். கூட்டிப்போக அப்பா வந்தபோது முகம் வீங்கிக் கிடந்தது, ஒற்றியெடுத்துச் சரிசெய்ய நேரமாகி, தேவாலயத்துக்குச் சுமார் இருபது நிமிடம் தாமதமாகப் போனாள். இதுதான் உங்கள் "இரு வீட்டாரும் விவரம் தெரிந்து செய்த வியாபாரம்".

ஓரமா_நிப்பவன்:
இருபது நிமிஷம் லேட்டுக்கே இவ்வளவு பேச்சா? எங்க ஊர் மண்டபத்துல அது சீக்கிரம் வந்த கணக்கு. சரி சரி, அடிக்காதீங்க அக்கா, தொடருங்க.

கணக்குப்பிள்ளை:
நீலவேணி, நீங்கள் சொன்ன வாசல் காவலும் வீங்கின முகமும் அதே 1953 புத்தகத்திலிருந்துதான் வருகின்றன. அதைத்தானே நான் கேள்வி கேட்கிறேன்?

பின்னால் எழுதாத, அன்றைக்கே எழுதின ஒரு காகிதம் இருக்கிறது. கல்யாண ஒப்பந்தப் பத்திரம். பீச் கிரீக் ரயில்வே கம்பெனியின் 50,000 பங்குகள், மதிப்பு 25 லட்சம் டாலர். வருஷத்துக்கு நாலு சதவீதம் நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் உத்தரவாதம், அதாவது வருஷம் ஒரு லட்சம் டாலர். அதைப் படித்தால் வக்கீல்கள் எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்திருப்பார்கள் என்று தெரியும்.

காதல் விஷயத்துக்கும் வருகிறேன். ரதர்ஃபோர்ட் அவளைவிட 15 வயது மூத்தவர். 1895 மார்ச்சில், அவளுடைய 18-ஆவது பிறந்த நாளன்று, ரிவர்சைடு டிரைவில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிப் போனபோது இரண்டு பேரும் கொஞ்சம் முன்னால் மிதித்துப் போய், அந்த இடைவெளியில் கல்யாணப் பேச்சை எடுத்தாராம். அவள் சரி என்றாளாம். பிறகு அம்மா அவளை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய்விட்டார். இது காவியக் காதலா?

இன்னொன்று, இதுதான் முக்கியம். ரதர்ஃபோர்ட் ஏழை வீட்டுப் பையன் இல்லை. நியூயார்க் டச்சுக் காலனியாக இருந்தபோது ஆண்ட பீட்டர் ஸ்டைவசன்ட்டின் வம்சம். குடும்பப் பழமை என்று பார்த்தால் வாண்டர்பில்ட்டுகள்தான் அவர்களுக்குக் கீழே. அப்புறம் எந்தச் சமூக வழக்கம் இந்தக் காதலைத் தடுத்தது? ஓர் அம்மாவின் பிடிவாதத்தை ஒரு சமுதாயத்தின் குற்றமாக ஆக்காதீர்கள்.

திண்ணைக்கிழவர்:
சைக்கிள் விஷயம் சுவையானது தம்பி, ஆனால் கடைசிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள். வாண்டர்பில்ட்டுகள் கீழே. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

முப்பாட்டன் கார்னீலியஸ் படகு ஓட்டி ஆரம்பித்தவர். பேரன் காலத்தில் பணம் மலையாகக் குவிந்துவிட்டது, ஆனாலும் பழைய குடும்பங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள். அகாடமி ஆஃப் மியூசிக் என்று ஒரு பழைய ஓபரா அரங்கு. அங்கே மாடத்து இருக்கைகள் பரம்பரைக் குடும்பங்களின் கையில். புதுப் பணக்காரர்கள் காசைக் கொட்டினாலும் கொடுக்கவில்லை. அந்த ரோஷத்தில் இவர்கள் சேர்ந்து கட்டியதுதான் 1883-இல் திறந்த மெட்ரோபாலிட்டன் ஓபரா. அதே வருஷம் மார்ச்சில் ஆல்வா தன் புது மாளிகையில் ஒரு மாறுவேட நடன விருந்து வைத்தார். நியூயார்க் மேல்தட்டின் மகாராணி மாதிரி இருந்த திருமதி ஆஸ்டர், அழைப்பு வேண்டி முதல் முறையாக வாண்டர்பில்ட் வீட்டுக்குத் தன் விசிட்டிங் கார்டை அனுப்ப வேண்டி வந்தது என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு சீட்டு எந்த வீட்டு வாசலில் விழுகிறது என்பதில் மானம் அடங்கியிருந்த ஊர் அது.

அந்த ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு, அந்த ஊரில் யாராலும் எட்ட முடியாத ஒரு பட்டத்தை வாங்கித் தர ஆல்வா நினைத்தார். ஸ்டைவசன்ட் வம்சம் நியூயார்க்கில் செல்லும். டியூக் பட்டம் எல்லா இடத்திலும் செல்லும். அது பிடிவாதம் மட்டும் இல்லை, அந்தச் சபையின் விலைப்பட்டியலைச் சரியாகப் படித்தவரின் கணக்கு.

மாப்பிள்ளைப் பக்கத்தையும் பாருங்கள். டியூக் குடும்பத்தின் பிளெனிம் அரண்மனைக்குக் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளவே காசு இல்லை. 1880-களில் அங்கிருந்த சண்டர்லேண்ட் நூலகத்து அரிய புத்தகங்கள் ஏலத்துக்குப் போயின. ரஃபேல் வரைந்த ஆன்சிடேய் மடோனா 1885-இல் 70,000 பவுனுக்கு லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனது. எதனால் இந்தக் கஷ்டம்? 1870-களிலிருந்து அமெரிக்கச் சமவெளிக் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் மலிவாக வந்து இறங்கியது, இங்கிலாந்தில் நிலக் குத்தகை விழுந்தது. எந்த ரயில் அவர்கள் குத்தகையைக் கவிழ்த்ததோ அந்த ரயிலின் பங்குப் பத்திரமே சீராக வந்து கூரை மேய்ந்தது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு ருசி.

ஓரமா_நிப்பவன்:
ஐயா, அப்ப பொண்ணு வீட்டுக்காரங்க முதல்ல ஊரையே கடன்ல தள்ளிட்டு அப்புறம் மாப்பிள்ளை பார்த்திருக்காங்க. பலே.

கறுப்புக்கோட்டு:
வழக்கு பற்றி மட்டும் கொஞ்சம்.

கணக்குப்பிள்ளை சொல்வதில் ஒரு பகுதி சரி. 1926 தீர்ப்பு அவரவர் தேவைக்காகக் கேட்டு வாங்கியதுதான். பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் இருவருக்கும் விவாகரத்து 1921-லேயே முடிந்துவிட்டது. அதே வருஷம் கான்சுவேலோ ஜாக் பால்சான் என்ற பிரெஞ்சுக்காரரை மணந்தார். அவர் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம், விவாகரத்து ஆன பெண்ணை மருமகளாக ஏற்கவில்லை. டியூக்கும் கத்தோலிக்கராக மாற விரும்பினார், 1927-இல் மாறவும் செய்தார். ஆக இரண்டு பக்கத்துக்கும் அந்தக் காகிதம் வேண்டியிருந்தது.

ஆனால் "வேண்டியிருந்தது, அதனால் ஜோடித்தார்கள்" என்று தாவக் கூடாது. ரோமில் காசு கொடுத்தால் கையெழுத்துக் கிடைக்கும் என்பது நம் கற்பனை. அதே 1895-இல் இன்னொரு ரயில்வே அதிபர் ஜே கூல்டின் மகள் ஆனா என்பவர், போனி த காஸ்டெல்லான் என்ற பிரெஞ்சுப் பிரபுவைக் கட்டிக்கொண்டார். அவர் அவள் பணத்தைத் தண்ணீராக இறைத்தார், 1906-இல் விவாகரத்து. பிறகு அந்தக் கல்யாணம் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி அந்தப் பிரபு பல வருஷம் ரோமின் படியேறினார். 1924-இல் கடைசியாக "செல்லும்" என்றுதான் தீர்ப்பு வந்தது. இரண்டே வருஷத்தில் மார்ல்பரோ வழக்கில் "செல்லாது". சாட்சியத்தில் ஏதோ கனம் இருந்திருக்க வேண்டும்.

திருச்சபைச் சட்டத்தில் துப்பாக்கி நீட்டினால்தான் கட்டாயம் என்று இல்லை. பெற்றவர் மேல் இருக்கிற பயபக்தியைக் கருவியாக்கிச் சம்மதத்தைப் பிழிந்து எடுத்தாலும், அது கடுமையாக இருந்தால், கட்டாயம்தான். சின்ன வயதில் பாடம் படிக்கும்போது முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும் என்று இடுப்பிலும் நெற்றியிலும் பட்டி கட்டி, நடுவில் இரும்புக் கம்பி வைத்து உட்கார வைத்தார்கள் என்று கான்சுவேலோ எழுதியிருக்கிறார். அப்படி வளர்ந்த பெண் அம்மா கண்ணைப் பார்த்து மறுத்துப் பேசியிருப்பாள் என்று எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

கணக்குப்பிள்ளை:
காஸ்டெல்லான் விஷயம் நல்ல எதிர்வாதம், கோட்டு சார். ஆனாலும் என் இடத்தை விட்டு நகரமாட்டேன். நீங்கள் எல்லோரும் பெண்ணை மட்டும் பார்க்கிறீர்கள். அந்த டியூக்கும் வேறொரு பெண்ணை விரும்பியவர்தான். பிளெனிமைக் காப்பாற்றுவதற்காக அவளை விட்டுவிட்டு வந்தேன் என்று கல்யாணம் முடிந்த கையோடு கான்சுவேலோவிடமே சொல்லியிருக்கிறார், இதுவும் அவள் எழுதினதுதான். அவரை யார் அறையில் அடைத்தார்கள்? யார் மாரடைப்பு நாடகம் போட்டார்கள்? யாரும் இல்லை. பணமும் பட்டமும் இருக்கிற வீட்டில் பிறந்தால் மனசு இரண்டாம் இடம்தான் என்பது இருவருக்கும் தெரியும். ஒருவரை வில்லனாக்கி இன்னொருவரைத் தியாகியாக்க வேண்டாம்.

நீலவேணி:
டியூக் சொன்னதை நீங்களே எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. 23 வயது ஆண், சொந்த முடிவு, யாரைக் கட்டினால் கூரை நிற்கும் என்று தானே தேர்ந்தெடுக்கிறார். 18 வயதுப் பெண்ணுக்குக் கல்யாண உடை அவள் சம்மதம் சொல்வதற்கு முன்பே பாரிஸில் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. இரண்டுக்கும் பெயர் "மனசு இரண்டாம் இடம்" தானா?

ஆல்வாவைப் பற்றி நீங்கள் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. அந்த 1895 மார்ச்சில்தான், மகளுக்குச் சைக்கிளில் காதல் சொல்லப்பட்ட அதே மாசம், ஆல்வா தன் கணவரிடமிருந்து விவாகரத்து வாங்கினார். அவர்கள் வட்டத்தில் கணவன் எத்தனை வீடு வைத்திருந்தாலும் மனைவி கண்டும் காணாமல் இருப்பதுதான் வழக்கம். ஆல்வா அதை உடைத்தார், அதற்காகப் பல வீடுகள் கதவை மூடின. மகள் கல்யாணம் முடிந்து இரண்டே மாசத்தில், 1896 ஜனவரியில், ஆலிவர் பெல்மான்ட்டைக் கட்டிக்கொண்டார். தேவாலயத்தில் அல்ல, நியூயார்க் மேயர் முன்னிலையில். தனக்குப் பிடித்தவரோடு வாழ ஊரையே எதிர்த்தவர், மகளுக்கு ஊர் மெச்சும் வரனைக் கட்டி வைத்தார். விவாகரத்தால் போன மரியாதையை டியூக் மாமியார் என்ற பெயரால் மீட்டுக்கொண்டார் என்று நான் சொல்வேன். அம்மாவின் காதலுக்கு ஆன செலவை மகள் கட்டினாள்.

கிழவர் ஐயா, உங்கள் விலைப்பட்டியலில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திண்ணைக்கிழவர்:
எழுதிக்கொண்டேன் தாயீ.

வழிப்போக்கன்88:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ரதர்ஃபோர்ட் என்ன ஆனார்? கடைசிவரை கல்யாணம் பண்ணாமல் இருந்தாரா?

ஓரமா_நிப்பவன்:
அண்ணே நீங்க சினிமா நிறைய பார்க்கிறீங்க.

கறுப்புக்கோட்டு:
1902-இல், அமெரிக்கத் துணை அதிபராக இருந்த லீவை மார்ட்டனின் மகளைக் கட்டிக்கொண்டார். அந்த மனைவி இறந்தபின் 1920-இல் லூசி மெர்சரை. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கையில் காதலியாக வருவாரே, அதே லூசிதான். கான்சுவேலோவிடம் ஆல்வா சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று, "அவனுக்குக் குழந்தை பிறக்காது, அவன் குடும்பத்தில் பைத்தியம் உண்டு". முதல் மனைவிக்கே வரிசையாகப் பிள்ளைகள் பிறந்தன.

கணக்குப்பிள்ளை:
பாருங்கள், அவரும் போய்ப் பணக்கார வீட்டில்தான் பெண் எடுத்தார்.

சரி, வேறு பக்கம் வருகிறேன். கான்சுவேலோவுக்கு அந்தக் கல்யாணத்தில் கிடைத்ததை யாரும் சொல்லமாட்டீர்களா? டச்சஸ் என்ற பெயர் இருந்ததால்தானே 1917-இல் லண்டன் நகர நிர்வாகத்தைப் பார்த்த லண்டன் கவுன்டி கவுன்சிலுக்குள் போனார், பெண்கள் கல்விக்கும் ஏழைத் தாய்மார்களுக்கும் பணம் திரட்டினார்? ரதர்ஃபோர்ட்டைக் கட்டியிருந்தால் அமெரிக்கப் பணக்காரர்கள் கோடையில் கூடும் நியூபோர்ட்டில் விருந்து வைத்தே காலம் போயிருக்கும். ஆல்வா நினைத்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அமெரிக்கப் பணக்கார மனைவிக்கு வேலையே கிடையாது, இங்கிலாந்து டச்சஸுக்கு ஓர் உத்தியோகம் உண்டு. அம்மா தப்புக் கணக்குப் போடவில்லை.

நீலவேணி:
அந்த உத்தியோகம் எப்படித் தொடங்கியது தெரியுமா? தேனிலவு முடிந்து வந்த மருமகளிடம் டியூக்கின் பாட்டி சொன்ன முதல் விஷயம், நீ சீக்கிரம் ஓர் ஆண் பிள்ளை பெற வேண்டும், இல்லையென்றால் அந்தத் திமிர் பிடித்த வின்ஸ்டன் டியூக் ஆகிவிடுவான், அதைச் சகிக்க முடியாது என்பது. ஆமாம், வின்ஸ்டன் சர்ச்சில்தான், டியூக்கின் சித்தப்பா மகன். 1897-இல் ஒரு பையன், 1898-இல் இன்னொரு பையன். வேலை முடிந்தது.

பிளெனிமில் இரவுச் சாப்பாட்டைப் படியுங்கள். இருவர் மட்டும் ஒரு பெரிய மேஜையில். டியூக் தட்டில் உணவைக் குவித்துக்கொள்வார், பிறகு தட்டையும் கத்தி கரண்டியையும் தள்ளி வைத்துவிட்டு, விரலில் மோதிரத்தைத் திருகிக்கொண்டே எங்கோ யோசனையில் இருப்பார். கால் மணி நேரம் கழித்து ஆறிப்போனதை மெதுவாகச் சாப்பிட ஆரம்பிப்பார், ஆறிவிட்டது என்று குறையும் சொல்வார். பேச்சே இருக்காது. அவள் மேஜையிலேயே கம்பளி பின்ன ஆரம்பித்தாள். வெளியே கூடத்தில் பட்லர் துப்பறியும் கதை படித்துக்கொண்டிருப்பாராம். இதெல்லாம் திருச்சபை வழக்குக்குத் தேவையில்லாத விவரம் கணக்கு அண்ணா, யாரும் ஜோடித்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

1906-இல் பிரிந்தார்கள். பிரிவு மட்டும், விவாகரத்து இல்லை. ஏன் என்று கேளுங்கள். விவாகரத்து ஆன பெண்ணை அரசவையில் சேர்க்கமாட்டார்கள். சும்மா பிரிந்ததற்கே, தான் இருக்கிற விருந்துக்கு இருவரும் வரக் கூடாது என்று மன்னர் ஏழாம் எட்வர்ட் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த எட்வர்டின் ஆசைநாயகிகள் பட்டியல் லண்டன் முழுக்கத் தெரியும். திரை மறைவில் எதுவும் செய்யலாம், காகிதத்தில் வரக் கூடாது. அவர்கள் வழக்கம் என்று சொல்வது இதுதான். நீங்கள் பெருமையாகச் சொன்ன சமூகப் பணி எல்லாம் இந்தப் பிரிவுக்குப் பிறகுதான் வேகம் எடுத்தது. அதில் அவளுக்கு உதவியது கல்யாணமா, கல்யாணம் முறிந்ததா?

கறுப்புக்கோட்டு:
சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைய இங்கிலாந்தில் கணவன் விவாகரத்துக் கேட்டால் மனைவியின் தகாத உறவை மட்டும் நிரூபித்தால் போதும். மனைவி கேட்டால் அது போதாது, கூடவே கொடுமையோ கைவிட்டுப் போனதோ இருக்க வேண்டும். 1923-இல்தான் சமம் ஆனது. கான்சுவேலோ வாங்கினது அதற்கு முன்னால்.

கணக்குப்பிள்ளை:
சட்டம் கோணல் என்பதை நான் மறுக்கவில்லை. கொடுமை நடந்தது, சரி. ஆனால் கொடுமையான வியாபாரமும் வியாபாரம்தான். அதைக் "காதலைக் கொன்ற சமூகம்" என்று கண்ணீர்க் கதையாக்குவதில்தான் எனக்குச் சண்டை. இருவர் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது.

நீலவேணி:
அப்படியானால் பத்திரத்தையே படிப்போம். நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். அந்த 25 லட்சம் டாலரின் வருமானம் யாருக்கு? டியூக்குக்கு, அவர் ஆயுள் முழுக்க. அவர் இறந்த பிறகுதான் அவளுக்கு. சேர்ந்து வாழ்ந்தால்தான் என்று நிபந்தனை இல்லை. வியாபாரத்தில் கூட்டு முறிந்தால் போட்ட முதலைப் பங்கு பிரிப்பார்கள். இங்கே அவள் 1906-இல் வெளியேறினாள், 1921-இல் விவாகரத்து, 1926-இல் அந்தக் கல்யாணமே நடக்கவில்லை என்று ரோம் சொல்லியாகிவிட்டது. டியூக் இறந்தது 1934-இல். இந்தக் கணக்கில் அவள் எந்தப் பக்கத்துக் கூட்டாளி, சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அவள் அப்பாதான் கூட்டாளி. அவர் மகளுக்குத் தனியாகவும் வருஷம் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார் என்பதையும் எழுதுங்கள், அவள் தெருவில் நிற்கவில்லை.

நீலவேணி:
எழுதலாம். கொடுத்தவர் அப்பா, வாங்கினவர் மாப்பிள்ளை, பேசி முடித்தவர் அம்மா. அப்படியானால் மேஜையில் இருந்த சரக்கு எது?

ஓரமா_நிப்பவன்:
அக்கா, தரகரை விட்டுட்டீங்க. லண்டன்ல டியூக் பக்கத்துல இந்தப் பொண்ணை உட்கார வெச்சு விருந்து போட்ட மின்னி பேஜெட் அம்மா, அவங்களே நியூயார்க் ஓட்டல் முதலாளி மக, இங்கிலாந்துல வாழ்க்கைப்பட்டவங்க. அதுக்குத் தனி இழை ஆரம்பிங்க, கமிஷன் கணக்கைக் கணக்கு அண்ணன் பார்த்துக்குவார்.